அடுத்த கை

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோனது ஒரு மத்தியானம். வேனிலிருந்து கட்டிலையும் அடுப்பையும் இறக்கி வைத்துவிட்டு டிரைவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். குழாயைத் திறந்தால் அது கொஞ்ச நேரம் இருமிவிட்டுத்தான் தண்ணீர் விட்டது. பூட்டிக் கிடந்த வீடுகளுக்கே உரிய வாசனை அடித்தது. ஈரச் சுண்ணாம்பு, எலிப் புழுக்கை, மக்கிய துணி. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. மனித வியர்வை. யாரோ இப்போதுதான் எழுந்துபோன பாயில் முகத்தை வைத்தால் அடிக்குமே, அந்த வாசனை.

"ஜன்னலைத் திறந்து வை, எல்லாம் போயிடும்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் லாரி மெக்கானிக்காக இருந்தவர். ஊழியத்துக்கு வந்த பிறகும் சட்டைப் பையில் ஒரு ஸ்பேனர் இருக்கும். பிரசங்கத்தின் நடுவில் அதை எடுத்து ஆட்டி ஆட்டிப் பேசுவார். அதனால் 'ஸ்பேனர் பாஸ்டர்' என்றே பேர் விழுந்துவிட்டது. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அவருக்கு அழைப்பு வந்தது பட்டறையில். தனியாக முழங்காலில் இருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்ததாம். பேர் சொல்லி, 'எழுந்திரு, போ' என்று குரல் கேட்டதாம். திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை. கொஞ்ச நாளில் யாரோ ஒருவர் தேடி வந்து, தன் பழைய வீடு ஒன்று சும்மா கிடக்கிறது, ஜெபவீடாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சாவியை நீட்டினார். இதைவிட என்ன வேண்டும் அவருக்கு?

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அழைப்பு என்றால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் உறுதி வர வேண்டும். ஒருவருக்கு வராவிட்டால் மற்றவர் காத்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. அதை அவரிடம் நேராகவே சொன்னேன்.

"கூப்பிட்டது ஆண்டவர்தான்னு எப்படிங்க தெரியும்?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டார்."

"நம்ம பேர் ஊருக்கே தெரியுமே."

அவர் சிரித்தார். "உனக்கும் உறுதி வரும், பாரு. வண்டி கிளம்பின பிறகுதான் சில பேருக்குத் தூக்கமே கலையும்." நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் மூட்டை கட்டினேன்.

வீட்டின் பின்னறையில் இரண்டு கதவுகள். ஒன்று கூடத்திலிருந்து, மற்றது சமையலறைக்கு. பக்கத்துச் சந்துப் பக்கமாக ஒரு ஜன்னல். அதற்கு எதிர்ச் சுவருக்குக் கீழே, சிமெண்ட் தரையில் இரண்டு பள்ளங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வழவழவென்று தேய்ந்த பள்ளங்கள். இவர் அங்கே மண்டியிட்டுப் பார்த்தார். முட்டி இரண்டும் அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தன.

"பார்த்தியா, நமக்கு முன்னாடியே யாரோ ஜெபிச்ச இடம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சிமெண்ட் அவ்வளவு தேய எத்தனை காலம் ஒருவர் எழுந்திருக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு யோசனை போயிற்று. அக்கம்பக்கத்தில் விசாரித்தோம். அங்கே யார் இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆட்கள் சேர்ந்தார்கள். முதலில் வந்தவர் தெருமுனைத் தையற்கார அக்கா. வாய் ஓயாது, ஆனால் மனசு வெள்ளை. வந்த வாரமே எனக்கு ஒரு நீலச் சட்டை தைத்துக் கொடுத்தார். "முதுகுத் தையல் கொஞ்சம் கோணிடுச்சு பாஸ்டரம்மா. விடுங்க, உங்க முதுகை நீங்களா பார்க்கப்போறீங்க?" என்று அவரே சிரித்துக்கொண்டார். அடுத்து வந்தவர் வெல்டர் தம்பி. அதிகம் பேசாத பையன், பாட்டு மட்டும் அருமையாக வரும். இன்னும் சிலர் வந்தார்கள்.

தெரு முழுவதும் ஆண்டவர் பக்கம் திரும்ப வேண்டும் என்று இவர் சங்கிலி ஜெபம் ஆரம்பித்தார். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை பின்னறையில் ஒருவர் மாற்றி ஒருவர் முழங்காலில் இருக்க வேண்டும். நடுவில் சங்கிலி அறக் கூடாது. அதற்கு ஒரு விதியும் போட்டார். அடுத்தவர் கூடத்துக் கதவு வழியாக வந்து, இருப்பவர் தோளில் கை வைக்க வேண்டும். இருப்பவர் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் எழுந்து சமையலறை வழியாகப் போய்விட வேண்டும். உட்கார்ந்து கதை பேசிவிடுவார்கள் என்பதற்காகத்தான் அந்த விதி. தையற்கார அக்காவை மனதில் வைத்துத்தான் போட்டார் என்று அக்காவையே கிண்டல் செய்தோம். வேடிக்கை பார்க்கிறார்கள் என்று சந்துப்பக்க ஜன்னலையும் ஆணியடித்து மூடினார்.

ஒரு மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தேன். தையற்கார அக்கா பின்னறையிலிருந்து முட்டியைத் தேய்த்தபடி வந்தார்.

"வெல்டர் தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? கை இப்படிச் சில்லுன்னு இருக்கு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வெல்டர் தம்பி மூச்சிரைக்க நின்றார். "மன்னிச்சிடுங்க பாஸ்டரம்மா. வேலை இப்பத்தான் முடிஞ்சுது. அக்கா இன்னும் உள்ளதானே இருக்காங்க?"

அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். அறையில் யாரும் இல்லை. நான் குனிந்து பள்ளங்களைத் தொட்டேன்.

சூடாக இருந்தன.

இவரிடம் சொன்னபோது பூரித்துப் போனார். "அதே கைதான்! என்னைத் தொட்ட அதே கை! தூதனே வந்து நம்மகூட முறை எடுக்கிறார்னு அர்த்தம்." தையற்கார அக்கா இரண்டொரு நாள் கழித்து என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "ஜெபிக்க வாயைத் திறந்தா வார்த்தை வரமாட்டேங்குது பாஸ்டரம்மா. பயமா எல்லாம் இல்லை. என் ஜெபத்தை வேற யாரோ எடுத்துக்கிட்ட மாதிரி இருக்கு."

பிறகு வெல்டர் தம்பி தோளிலும் அது விழுந்தது. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. அவருடைய வெல்டிங் பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாடச் சொன்னேன். "அதை அங்க பாடிட்டிருக்காங்களே" என்றார். அதற்குமேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். கடைசியில் சங்கிலியில் மிஞ்சியது இவர் ஒருவர்தான்.

"என் தோள்ல மட்டும் இங்க இன்னும் விழலை" என்றார். "விழற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். சோறும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம்."

கெஞ்சினேன். அழுதேன். தண்ணீரை உதட்டில் வைத்தால் தாடை வழியாக வழிந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், சட்டைக்குள் ஆளே இல்லாததுபோல் ஆகிவிட்டார். ஆண்டவரே, இவரை எனக்குத் திருப்பிக் கொடும், வேறு ஒன்றும் கேட்க மாட்டேன் என்று அடுப்படியில் மண்டியிடக்கூடப் பயந்து நின்றுகொண்டே ஜெபித்தேன்.

அண்ணிக்கு, அதாவது இவருடைய அக்காவுக்கு, போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ். யாருக்கும் பயப்படாத ஆள். டாக்ஸியோடு வந்து இறங்கினார். நேரே பின்னறைக்குப் போய்த் தம்பியின் நாடியைப் பிடித்தார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஆவி, பூதம் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இன்னைக்கு இவனைத் தூக்கலைன்னா பொணத்தைத்தான் தூக்கணும்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அந்த உலர்ந்த உடம்பு அசையவில்லை. தரைக்கு அடியிலிருந்து யாரோ முட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அப்போதுதான் அந்த வியர்வை வாசனை ஏறத் தொடங்கியது. முதல் நாள் அடித்த அதே வாசனை. கூடத்துக் கதவுப் பக்கமிருந்து வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அது வருகிறது.

அண்ணியைச் சமையலறைக்கு இழுத்துப்போனேன். "அண்ணி, தோள்ல கை விழுந்தா இவர் எழுந்திருப்பார். அது வைக்கிறதுக்கு முன்னாடி நான் வச்சிடணும். ஆனா அது ஆண்டவர் பேரைச் சொல்லி ஏமாத்தற மாதிரி ஆகாதா?"

"உன் கையைத்தானே வைக்கப்போற?" என்றார் அண்ணி. "பொண்டாட்டி கை எப்படி பொய்யாகும்? போ."

நான் கூடத்தைச் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கதவு வழியாக நுழைந்தேன். வெளியே நல்ல வெயில். உள்ளே கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருடைய உதடு அசைகிற சத்தம் மட்டும் கேட்டது. உலர்ந்த காகிதம் உரசுவதுபோல.

இன்னொரு மூச்சும் கேட்டது.

என் பக்கத்தில்.

நான் திரும்பவில்லை. கையை நீட்டினேன். அவருடைய வலது தோள் எலும்பு என் உள்ளங்கையில் குத்தியது.

ஜெபம் நின்றது.

அவர் எழுந்தார். இரண்டு பேர் தூக்க முடியாதவர், பாயிலிருந்து எழுவதுபோல எழுந்தார். பேசவில்லை, திரும்பவில்லை. சமையலறைக் கதவு வழியாகப் போனார். "வாடா ராஜா, வா, வண்டியில ஏறு" என்று அண்ணியின் குரல் உடைந்தது.

நான் பின்னாலேயே போயிருக்க வேண்டும். என் கால்கள் மடிந்தன. முட்டிகள் அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்தன.

"இயேசுவே" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

என் தோளில் ஒரு கை விழுந்தது.

சில்லென்று.

"நீ யாரு?" என்றேன். "இயேசுதான் ஆண்டவர்னு உன் வாயால சொல்லு பார்க்கலாம்."

பிறகு காதருகே என் வீட்டுக்காரர் குரல், அன்போடு, களைப்போடு பேசியது.

"போதும். எழுந்திரு. நான் பார்த்துக்கறேன்."

எழுந்தேன். ஓடினேன். டாக்ஸியில் ஏறி அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் கண் திறந்தார். என் கையைத் தேடிப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். உயிர் வந்துவிட்டது எனக்கு. அண்ணி ஜன்னலோரம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார்.

"நீதான்னு தெரியும்" என்றார் இவர் மெல்ல. "சூட்டை வச்சே தெரிஞ்சுக்கிட்டேன். வலது தோள்ல உன் கை."

"ஆமாங்க."

"இடது தோள்ல யாரு வச்சது?"

நான் வைத்தது ஒரே கைதான். அதற்குள் என் போனில் குரல் தகவல் ஒன்று வந்தது. தையற்கார அக்கா அனுப்பியிருந்தார். இவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே வைத்தேன். பேச்சை மாற்றினால் போதும் என்றிருந்தது எனக்கு.

"பாஸ்டரம்மா, ஜெபம் முடிச்சதும் கேளுங்க. சந்து வழியா வந்தேனா, ஐயா ஆணியடிச்ச ஜன்னல் திறந்திருந்துச்சு. ஐயாவுக்கு இவ்வளவு முடியாத நேரத்துலயும் தனியா சங்கிலியைப் பிடிச்சிட்டிருக்கீங்களே, பார்த்ததும் அழுகையே வந்துடுச்சு. நான் தச்ச நீலச் சட்டைதான் போட்டிருக்கீங்க, அந்தக் கோணல் தையல் இங்கிருந்தே தெரியுது. கூப்பிட்டேன், நீங்க திரும்பலை. விதியை விட மாட்டீங்களே! எனக்கும் ரொம்ப நாளா ஜெபம் வரலை. உள்ள வந்து உங்களை மாத்தி விடறேன். உங்க பக்கத்துல இருந்தாலாவது வருதா பார்க்கறேன்."

கதவு திறக்கும் சத்தத்தோடு தகவல் முடிந்தது.

நான் குனிந்து பார்த்தேன். முந்தின நாளிலிருந்து மாற்றாத அதே நீலச் சட்டைதான் என் உடம்பில் இருந்தது.

"அக்கா, போகாதீங்க, போகாதீங்க" என்று போனிடமே கத்திக்கொண்டு எண்ணைத் தட்டினேன். அவசரத்தில் ஒலிபெருக்கியை அணைக்கவில்லை. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

"அக்கா! அந்த வீட்டை விட்டு வெளிய வாங்க! அது நான் இல்லை!"

அந்தப் பக்கம் உலர்ந்த உதடுகள் அசைகிற சத்தம் கேட்டது. பிறகு பேசியது என்னுடைய குரல்.

"போதும். எழுந்திரு."

கன்னத்தில் வைத்திருந்த என் கையை என் வீட்டுக்காரர் விட்டார். அந்தக் குரலுக்கு எழுந்து, சலைன் ஊசியைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டார். அண்ணி ஓடிவந்து இடுப்பைப் பிடித்தார், நான் காலைப் பிடித்தேன். எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு அவர் கதவைப் பார்த்து நடந்தார்.

எவ்வளவு கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.