குதிரை வண்டி போகும் கடல்

"கடலை நடந்தே கடக்கத் தைரியம் இருக்கா?"

வேந்தன் இந்தக் கேள்வியைப் போட்டபோது டெல்பின் ரசத்துக்குப் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தாள். ஜெர்மனியின் பிரேமன் நகரில், மாணவர் விடுதியின் சமையலறை அது. பரீட்சை முடிந்து மூன்று பேருக்கும் விடுமுறை.

"ஏலே, ராசிபுரத்துக்காரன் வந்து தூத்துக்குடிக்காரிகிட்ட கடலைப் பத்திக் கேக்கியா?" என்றாள் டெல்பின், தலையைத் திருப்பாமலே.

"கேள்வி உனக்குத்தான் புள்ள. இதைப் பாரு!"

அவன் நீட்டிய செல்பேசியில் ஒரு படம். கண்ணுக்கெட்டிய தூரம் கடல். அதன் நடுவில் இரண்டு குதிரைகள் பூட்டிய ஒரு வண்டி, சக்கரம் பாதி நனைய, ஊர்வலம் போவதுபோல் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு குட்டித் தீவு. தீவின் தலையில் செங்கல் கோபுரம்.

டெல்பின் பூண்டை மறந்தாள்.

"நாய்வெர்க்னு ஒரு தீவு. கூக்ஸ்ஹாஃபன் கரையிலிருந்து மூணு மணி நேர நடை. தண்ணி வத்தும்போது கடலோட அடித்தரை வெளியே வந்துருமாம். அப்ப எல்லாரும் நடந்தே போறாங்க. வழியில அதிர்ஷ்டம் இருந்தா ஆம்பர் கிடைக்கும். நாலு கோடி வருஷத்துக்கு முந்தின மரப்பிசின், கல்லாப் போனது!"

டெல்பின் நிமிர்ந்தாள். வெனிஸின் கால்வாய்களைப் பார்த்தாயிற்று. ஆல்ப்ஸ் மலையில் பனிக்கட்டிக்கு மேல் நின்று பல் கிடுகிடுக்கப் படம் எடுத்தாயிற்று. பாரிஸில் வழி தவறி ஒரு நாள் முழுக்கச் சுற்றியாயிற்று. ஆனால் கடலுக்குள் நடப்பதா!

"போறோம்," என்றாள்.

மூலையில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த சபீனா மட்டும் கத்தியைக் கீழே வைத்தாள். கரூர்ப் பக்கம் பள்ளப்பட்டிக்காரி. வேதியியல் மாணவி. ஜெர்மன் மொழியை மற்ற இருவரையும்விட நன்றாகப் பேசுவாள். நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும்.

"நான் கரையில நின்னு டாட்டா காட்டுறேன்டி."

"கிறுக்கி! தண்ணியே இல்லாத கடலுக்கு எதுக்குட்டி நீச்சல்?" என்று சிரித்தாள் டெல்பின். "நான் கூட வாரேன்ல்லா? உன்னைய முழுசாக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு."

அப்படித்தான் அந்தப் பயணம் தொடங்கியது.

*

மறுவாரம் ஒரு காலைநேரம், கூக்ஸ்ஹாஃபன் கரைமேட்டில் ஏறி நின்ற மூவரும் கண்ணைக் கசக்கிப் பார்த்தார்கள். கடலைக் காணோம்! இருந்த இடத்தில் வானம்தான் கிடந்தது, ஈரமாக, பளபளவென்று. அடிவானம்வரை சேறும் மணலும். அதன்மேல் மேகங்கள் தலைகீழாக மிதந்தன. நடுவே, ஈர்க்கு விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டுவைத்ததுபோல் சுள்ளிக் கட்டுகள் வரிசையாகத் தீவை நோக்கிப் போயின. அதுதான் பாதை. அங்கங்கே உயரமான கம்பங்களின் உச்சியில் ஏணி வைத்த கூண்டுகள்.

"அது எதுக்கு, காக்காய்க்கா?" என்றான் வேந்தன்.

பக்கத்தில் இருந்த பலகையைச் சபீனா படித்தாள். "தண்ணி திரும்பி வந்துட்டா ஏறி உட்கார்ந்துக்கிறதுக்கு. பாதையை விட்டு விலகக் கூடாதுன்னும் போட்டிருக்கு."

பெரிய கூட்டமே நடந்து போனது. மூவரும் காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். முதல் அடியிலேயே குளிர் கணுக்காலைக் கடித்தது! பத்தடி போனதும் அது பழகிவிட்டது. மணல், அலையின் வரிவரியான அச்சை அப்படியே வைத்திருந்தது. இடியாப்பம் பிழிந்ததுபோல் குட்டிக் குட்டிச் சுருள்கள் லட்சக்கணக்கில். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு புழு வாழ்கிறதாம். சிவந்த நீள மூக்குப் பறவைகள் அவற்றைக் கொத்திக்கொண்டு, மனிதர்களைப் பார்த்து எரிச்சலோடு கத்தின. குதிரை வண்டிகள் சலசலவென்று தண்ணீரைத் தெறித்துக்கொண்டு கடந்து போயின.

சபீனா நின்று நின்று பார்த்தாள். "இந்த இடத்துலதானே சாயங்காலம் மீன் நீந்தும்? நாம மீன் வீட்டுக்குள்ள புகுந்து நடக்கிறோம்டி!"

அவள் உள்ளங்கை வேர்க்கவில்லை. டெல்பினுக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

பாதி வழியில் ஒரு ஓடை பாதையை ஒட்டி வந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர், கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதன் அக்கரையில், பாதையை விட்டுச் சற்றுத் தள்ளி, கறுப்பாய் ஒரு கோடு: கடற்பாசியும் மரத்துணுக்குகளும் ஒதுங்கிய இடம்.

"அங்கதான் ஆம்பர் ஒதுங்கும்!" வேந்தன் துள்ளினான். "சித்த நேரம் தேடிட்டு ஓடியாந்துரலாம்."

சபீனா தயங்கினாள். "பலகையில போட்டிருந்ததே..."

டெல்பின் காற்றை முகர்ந்தாள். அடிவானத்தைப் பார்த்தாள். அலை இல்லை, காற்று இல்லை, வெள்ளை நுரை ஒரு கீற்றுகூட இல்லை.

"கடல் தூங்குதுட்டி," என்றாள். "எங்க ஊர்லயும் ஏத்தம் வத்தம் உண்டு. ஏறுனா முழங்கால் ஒசரம் ஏறும். அதுக்கு முன்னாடி அலை சத்தம் குடுக்கும். நான் கேட்டுக்கிடுதேன், வாங்க."

கடலோரத்தில் பிறந்தவள் சொல்லும்போது மறுத்துப் பேச யாரால் முடியும்? மூவரும் ஓடையைத் தாண்டினார்கள்.

*

தேடல் என்பது போதை. கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே அவர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். வேந்தன் எடுத்த முதல் ஆம்பர், பீர்ப் புட்டியின் உடைசல். இரண்டாவது, யாரோ கடித்துப் போட்ட பிளாஸ்டிக் மூடி.

"அதை மியூசியத்துக்குக் குடுத்துருலே!" என்று டெல்பின் கேலி செய்தாள்.

தூரத்தில், கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த கடைசிக் குதிரை வண்டி நின்றது. வண்டிக்காரர் எழுந்து நின்று விசிலடித்தார். இரண்டு கைகளையும் அகல வீசினார்.

"எவ்வளவு அன்பான மனுஷன்!" என்றான் வேந்தன். மூவரும் சேர்ந்து உற்சாகமாகக் கையசைத்தார்கள். வண்டிக்காரர் இன்னும் வேகமாகக் கை வீசினார். இவர்களும் இன்னும் வேகமாக அசைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி நகர்ந்துவிட்டது.

அப்போதுதான் வேந்தன் கத்தினான். "கிடைச்சுருச்சு!"

புளியங்கொட்டை அளவு ஒரு கல். தேன் நிறம். சபீனா அதைத் தன் கம்பளிக் குல்லாயில் தேய்த்து, கிழித்த காகிதத் துணுக்கின் அருகே கொண்டுபோனாள். துணுக்கு துள்ளி ஒட்டிக்கொண்டது!

"அசல்! சாதாக் கல்லுன்னா இப்படி இழுக்காது," என்றாள். மூவரும் சேற்றில் குதித்து ஆடினார்கள்.

ஆடி முடித்துத் திரும்பிய டெல்பின், வந்த வழியில் இருந்த ஓடையைப் பார்த்தாள். அதில் ஒரு பறவை இறகு மிதந்து போனது. அழகாய், அவசரமில்லாமல்.

கரையை நோக்கி!

வரும்போது தண்ணீர் கடலை நோக்கித்தானே ஓடியது? டெல்பின் ஓடித் தண்ணீருக்குள் கால் வைத்தாள். முழங்கால். இன்னும் இரண்டடி, தொடை. இழுப்பு காலை வாரியது.

கடல் வந்துவிட்டது. அலையில்லாமல், சத்தமில்லாமல், ஓடைகள் வழியாகப் பின்னால் சுற்றி வந்து, அவர்கள் நின்ற மணல்மேட்டைத் தீவாக்கிவிட்டது. அவள் எதற்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாளோ அந்தச் சத்தம் இந்தக் கடலுக்குக் கிடையவே கிடையாது!

"தப்புப் பண்ணிட்டேன்," என்றாள். "இது எங்க ஊர்க் கடல் இல்ல."

நேர் எதிரே, ஓடைக்கு அப்பால், ஒரு கூண்டு தெரிந்தது. கூப்பிடு தூரம்தான். டெல்பின் ஒருத்தியாக இருந்தால் நீந்தியிருப்பாள். வேந்தனும் தத்தளித்துப் போய்ச் சேர்வான். சபீனா?

சபீனாவின் உதடு அசைந்தது. "யா அல்லாஹ்..."

"ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுத்துட்டு நீந்தலாம் புள்ள," என்றான் வேந்தன்.

"இந்த இழுப்புல மூணு பேரும் போயிருவோம். பொறு. யோசிக்க விடு."

டெல்பின் கடலைப் பார்ப்பதை நிறுத்தித் தரையைப் பார்த்தாள். பளபளப்பான வழுவழுச் சேறு பள்ளம். அங்கே தண்ணீர் முதலில் ஏறியது. வரிவரியான கெட்டி மணல் மேடு. அது இன்னும் காய்ந்து கிடந்தது. ஓடை கடல் பக்கம் அகலம். கரைப் பக்கம் போகப் போக ஒடுங்கித்தானே ஆக வேண்டும்? எங்கோ ஓரிடத்தில் அது பிறந்துதானே இருக்கும்?

"கூண்டைப் பாக்காதீங்க! அதை விட்டுட்டுக் கரைப் பக்கமா ஓடுங்க. ஓடையோட தலையைச் சுத்திட்டு வருவோம்!"

"பைத்தியமா? கூண்டு இங்க இருக்கு, நீ அக்கட்ட ஓடச் சொல்றே!"

"ஓடுலே! வரி மணல்லயே கால் வையி!"

ஓடினார்கள். வலப்பக்கம் ஓடையும் கூடவே ஓடிவந்தது, பந்தயம் கட்டியதுபோல! ஒரு வழுவழுப்பில் சபீனாவின் கால் முழங்கால்வரை புதைந்தது. இழுக்க இழுக்கச் சேறு இறுக்கியது.

"இழுக்காதே! பின்னால சாஞ்சு உக்காரு. காலை ஆட்டு, மெதுவா..." டெல்பின் சேற்றில் குப்புற விழுந்து இரண்டு கைகளாலும் தோண்டினாள். தண்ணீர் அவள் முழங்கையைத் தொட்டது. சளக்! கால் வந்தது. காலணி வரவில்லை.

"போகட்டும், எழுந்திரு!"

ஓடை ஒடுங்கியது. இன்னும் ஒடுங்கியது. கடைசியில் அறை அகலத்துக்கு ஒரு கலங்கல் தண்ணீர். மூவரும் கை கோத்துக்கொண்டு இறங்கினார்கள். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் சபீனா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் காலை நிறுத்தவில்லை. ஓரடி, இன்னோரடி... முழங்கால்... கணுக்கால்! காலடியில் வரி மணல்! எதிரே தலைகீழ் விளக்குமாறுகளின் வரிசை!

அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஏணியைத் தொட்டபோது தண்ணீர் மறுபடி தொடையில் நின்றது. "சபீனா முதல்ல!" என்று தள்ளி ஏற்றிவிட்டு, வேந்தனை ஏற்றிவிட்டு, டெல்பின் கடைசியாக ஏறினாள். ஏறியதும் கூண்டுக்குள் படுத்து ஓவென்று அழுதாள்.

சபீனா அவசர எண்ணை அழைத்து, இலக்கணம் பிசகாமல் நிலைமையைச் சொன்னாள். "படகு வருதாம். கூண்டை விட்டு அசையக் கூடாதுன்னாங்க. எங்க போயிருவோம்!"

வேந்தனின் கன்னம் ஒருபக்கம் உப்பியிருந்தது.

"என்னலே, பல்லு கில்லு போச்சா?"

அவன் உள்ளங்கையில் துப்பினான். ஆம்பர்!

"ரெண்டு கையும் காலியா இருக்கணும்ல? அதான் வாய்ல போட்டுக்கிட்டேன். ஓடைக்குள்ள விக்கல் வந்துச்சு புள்ள. நாலு கோடி வருஷம் தப்பிச்சது, என் வயித்துக்குள்ள போயிருக்கும்!"

அழுதுகொண்டிருந்த டெல்பினுக்குச் சிரிப்பு வெடித்தது. சபீனா அந்தக் கல்லைச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். தேன் ஒளிக்குள், இறக்கை மடங்காமல், ஒரு குட்டிக் கொசு!

"எவ்வளவு சமத்தாத் தூங்குது!" என்றாள். "எங்க ஊர்க் கொசுவா இருந்தா எப்பவோ ஓட்டை போட்டு வெளியே வந்திருக்கும்."

கீழே கடல் நிறைந்தது. நடந்த மணல், புழுச் சுருள், காலடித் தடம் எல்லாம் இரண்டாள் ஆழத்தில் மறைந்தன. ஓர் அலைகூட எழவில்லை. பட்டுத்துணி விரிப்பதுபோல் அது வந்தது. கூண்டுக்கு அடியில் ஒரு கடல்நாய் மூக்கை நீட்டி, மேலே இருப்பது யார் என்று பார்த்துவிட்டு மூழ்கியது. அடிவானத்தில் பெட்டிகள் அடுக்கிய மாபெரும் கப்பல் ஒன்று, ஒரு தெருவே நகர்வதுபோல் போனது. உயிர்பயத்திலிருந்து மீண்ட கண்ணுக்கு அது எவ்வளவு அழகு! படகு வரும்வரை மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

*

படகு அவர்களைத் தீவில் சேர்த்தது. படகுக்காரப் பெண்மணி மூவரையும் வசமாகத் திட்டிவிட்டு, போர்வையும் சூடான தேநீரும் கொடுத்தார். இரவு ஒரு பண்ணையின் வைக்கோல் கொட்டகையில் தூக்கம். காலையில் கோபுரத்து உச்சியில் ஏறி நின்றபோது, நாலாபுறமும் கடல் மறுபடியும் வானத்துக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தது.

"கரைக்குக் கப்பல் இருக்குட்டி," என்றாள் டெல்பின் தாழ்ந்த குரலில். "நீ அதுல போ. நேத்து உன்னைய நான்தான்..."

சபீனா அவளைப் பேசவிடவில்லை. கீழே போனாள். பலகையில் தண்ணீர் வற்றும் நேரத்தைப் படித்தாள். பண்ணைக்காரரிடமும் கேட்டுச் சரிபார்த்தாள். அவரிடமே ஒரு பழைய ரப்பர் காலணியை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"மதியம் வண்டிகளோட சேர்ந்து கிளம்புறோம். நடந்துதான்! ஆனா இன்னிக்கு நான் முன்னாடி. நீங்க ரெண்டு பேரும் பின்னாடி. விளக்குமாத்தை விட்டு யாராவது விலகினீங்க, தொலைச்சுருவேன்."

"சரிங்க அம்மணி!" என்றான் வேந்தன்.

அன்று மதியம், நீச்சல் தெரியாத பள்ளப்பட்டிப் பெண் முன்னால் நடக்க, கடலோரத்தில் பிறந்தவள் அவள் காலடியில் காலடி வைத்துப் பின்னால் நடந்தாள். ஒரு கடலை அறிந்தவள் ஒரே ஒரு கடலைத்தான் அறிந்திருக்கிறாள். அடுத்த கடலிடம் முதல் வகுப்பிலிருந்து படிக்கத்தான் வேண்டும். அந்தப் பாடம் டெல்பினுக்கு ஏனோ கசக்கவில்லை. உலகத்தில் இன்னும் எத்தனை கடல்கள் இருக்கின்றன!

கரைமேட்டில் ஏறியதும் சபீனாவின் செல்பேசி அலறியது. ஊரிலிருந்து அவள் அப்பா.

"சொல்லுங்கத்தா... இப்பத்தான் கடலைத் தாண்டி வந்தோம்... கப்பலா? இல்லத்தா, நடந்து... நடந்துதான்த்தா! பக்கத்துல குதிரை வண்டியெல்லாம் போச்சு."

மறுமுனையிலிருந்து, பக்கத்தில் நின்ற இருவருக்கும் கேட்கும்படி, கவலை தோய்ந்த குரல் வந்தது:

"காய்ச்சல் எத்தனை டிகிரிம்மா இருக்கு?"