ஐம்பது வெட்டு

திரையில் இருந்த இடது கை அசைந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, தூங்குகிறவர்களின் விரல் சில நேரம் தன்பாட்டுக்குத் துடிக்குமே, அப்படிச் சுண்டுவிரல் ஒரு தரம் துடித்து அடங்கியது. ஆனால் வெட்டு விழாதபோது அந்தக் கை அசையக் கூடாது. அக்கா நோட்டில் ‘கை அசைகிறது, சிறு பிழை’ என்று குறித்துக்கொண்டாள்.

விளையாட்டுகள் கடைக்கு வரும்முன் ஆடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பது அவள் வேலை. விளையாடச் சம்பளமா என்று சொந்தக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். ஒரே கேரட்டை முந்நூறு தடவை நறுக்கிப் பார்த்தால் தெரியும் சேதி. இந்த வாரம் வந்தது சமையல் விளையாட்டு. கைப்பிடியை வலது கையில் பிடித்து வெட்டுவதுபோல் வீசினால் டிவியில் கத்தி இறங்கும். இடது கைக்கு வேலையே கிடையாது. தொடக்கத்தில் ஒருமுறை கேமராவிடம் காட்டினால், அது படம்பிடித்துக்கொள்ளும், திரையில் அந்தக் கையே ஒவ்வொரு வெட்டுக்கும் காயை அரை விரற்கடை முன்னே தள்ளிக்கொடுக்கும்.

அவளுடைய இடது கை கதவிடுக்கில் நசுங்கிக் கட்டுப் போட்டிருந்தது. கட்டை அவிழ்த்துவிட்டு வா என்றது கேமரா. அதனால் காலையில், இரவுப் பணி முடிந்து வந்த தங்கையை வாசலிலேயே மடக்கினாள்.

“ஒரு நிமிஷம்டி, கையைக் காட்டு.”

“இன்னும் குளிக்கக்கூட இல்லக்கா. சீக்கிரம் எடு, கண்ணு சொருகுது.”

தங்கை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். நரம்பு பிடிபடாத குழந்தைகளை அவளிடம்தான் தூக்கி வருவார்கள். இடது நடுவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், இங்கே என்று சொல்லிவிடுவாள். அக்காவின் வேலை இந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. வீட்டில் அடுப்பு எரிவது தங்கையின் கையால்தான். இப்போது மணி மதியம் மூன்று. காதில் பஞ்சை அடைத்து, மாத்திரை போட்டு, அவள் படுக்கையறையில் அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

செய்யக் கூடாததைச் செய்து பார்ப்பதுதான் இந்தத் தொழில். அக்கா கத்தியைக் கேரட்டை விட்டு நகர்த்தி, வேண்டுமென்றே விரல்களுக்கு மேல் கொண்டுபோனாள். முழங்கையைத் தோளளவு தூக்கி, மணிக்கட்டை லேசாக வெளியே சாய்த்து இறக்கினாள். கத்தி எம்பித் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை. நடுவிரலின் நுனி நறுக்கென்று கழன்று பலகையில் உருண்டது. “அபாரம்!” என்றது டிவிக்குள் இருந்த பெண் குரல். அதே நொடியில் படுக்கையறைக்குள் டொக் என்று ஏதோ விழுந்தது. தூக்கத்தில் செல்போனைத் தள்ளிவிட்டாள் போலிருக்கிறது என்று அக்கா நினைத்தாள். பெரிய பிழை ஒன்று சிக்கிய சந்தோஷத்தில் அதற்குமேல் நினைக்கவில்லை.

மேலாளருக்குப் போன் போட்டாள். “சார், கத்தி கையை வெட்டுது சார்.”

“எத்தனை தடவை?”

“ஒரு தடவை.”

“ஒரு தடவைன்னா உன் கண்ணுக் கோளாறுன்னு சொல்லிடுவாங்கம்மா. ஐம்பது ஓட்டு. எண்ணிக்கையோட அனுப்பு.”

அதற்கும் வழி இருந்தது. அவள் வீசிய வீச்சை எந்திரம் நினைவில் வைத்திருக்கும், எத்தனை முறை சொன்னாலும் அச்சுப் பிசகாமல் வீசும். ஐம்பது என்று அழுத்தினாள். கைப்பிடியைச் சோபாவில் போட்டுவிட்டு டீ போடப் போனாள்.

பால் சூடேறிக்கொண்டிருந்தது, குழாய் சொட்டியது, எங்கோ ஒரு பிரஷர் குக்கர் கூவி ஓய்ந்தது, அவற்றுக்கு நடுவே சீராக, அவசரமில்லாமல், டொக் என்றும், சற்றுப் பொறுத்து மறுபடி டொக் என்றும் கத்தி இறங்கும் சத்தம் வந்துகொண்டிருக்க, அவளும் மனசுக்குள் நான்கு, ஐந்து என்று எண்ணிக்கொண்டே சர்க்கரை டப்பாவைத் தேடினாள். டப்பாவைத் திறந்தபோதுதான் உறைத்தது. கூடம் இடப்பக்கம். சத்தம் வலப்பக்கச் சுவரிலிருந்து வருகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை.

டொக்.

சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அதிர்ந்தது. துருப்பிடித்த இரும்பை நக்கியதுபோல் ஒரு வாடை, படுக்கையறைக் கதவுக்கு அடியிலிருந்து.

“அக்கா!”

ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

தங்கை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கை பக்கத்து மேசைமேல் நீட்டியபடி கிடந்தது. கத்தி இல்லை. யாரும் இல்லை. டொக். மோதிரவிரலின் கடைசிக் கணு தானாகத் துண்டாகி விழுந்தது. ரத்தம் மேசையைத் தாண்டிச் செருப்புகளின்மேல் கொட்டியது. கை அரை விரற்கடை முன்னே நகர்ந்தது.

“எடுக்க முடியலக்கா. கையை எடுக்க முடியல. எடுத்து விடுக்கா!”

அக்கா தோளைப் பிடித்து இழுத்தாள். ஆணி அடித்ததுபோல் இருந்தது. ஐம்பது வெட்டு. முழங்கைக்கும் மேலே போகும். ஐயோ, நானா? நானா அழுத்தினேன்?

கூடத்துக்குப் பாய்ந்தாள். திரையில் விரல் இல்லாத கை. ‘11/50’. “அபாரம்!” ஒயரைச் சுவரோடு பிடுங்கி எறிந்தாள். டிவி இருண்டது.

நின்றுவிட்டது. சத்தமே இல்லை.

திரும்பி ஓடி, போர்வையை இழுத்து, எஞ்சிய உள்ளங்கையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். “முடிஞ்சிடுச்சுடி. நிறுத்திட்டேன். இதோ ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்.”

தங்கை அக்காவின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் வலது கை தூக்கியிருந்தது.

அவள் தூக்கவில்லை. முழங்கை தோளளவு. மணிக்கட்டு லேசாக வெளியே சாய்ந்து. கட்டுப் போட்ட கையால் அதைப் பிடித்தாள். பல்லால் கடித்தாள். வலித்தது, ஆனால் கை இறங்கவில்லை. கீழே, போர்வைக்குள்ளிருந்து தங்கையின் கை அரை விரற்கடை முன்னே ஊர்ந்து வந்தது.

“ஓடுடி! எழுந்து ஓடு!”

“முடியலக்கா.”

வெறும் கைதான். அது இறங்கியது. போர்வையும் உள்ளங்கையும் ஒன்றாகத் துண்டாயின. அக்காவின் கை சொட்டச் சொட்ட, அச்சுப் பிசகாமல், அதற்குள் மறுபடி தோளளவுக்கு ஏறியிருந்தது.