வெந்நீர் ஊற்றுமுன்

பயம் என்கிற பொருளை ஈரான் நாட்டிலிருந்தே ஒழித்துக்கட்டிய முதல் மனிதன் என் நண்பன் சியாமக். யஸ்த் நகரிலிருந்து கிளம்பும்போது அவனே சொன்னான். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே சொன்னதால் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

தபஸுக்குப் போகும் பழைய ஒட்டகப் பாதை. உச்சிவெயிலில் பாதையோரச் சத்திரம் ஒன்றில் ஒதுங்கினோம். பாதிக் கூரை இல்லை. வௌவால் எச்சமும் பழம்புகையும் கலந்த வாடை. சியாமக் டீ போட்டான். கெட்டிலில் மிஞ்சிய கொதிநீரைத் தரையில் கவிழ்க்கப் போனான்.

"பிஸ்மில்லா சொல்லிட்டு ஊத்துடா," என்றேன். "கீழ அவங்க இருப்பாங்க, பிள்ளைகுட்டியோட."

"எவங்க?"

"நம்மளவிட நல்லவங்க." ஜின் என்று எங்கள் பக்கம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"உன்னைவிட நல்லவங்கன்னா பாதி ஊரு வருமேடா," என்றபடி ஊற்றினான்.

மண் சீறியது. அடியில் ஏதோ முனகியது.

"காத்து," என்றான்.

காற்றே இல்லை.

கிளம்பினோம். திருப்பமே இல்லாத நேர்ப்பாதை. நெடுநேரம் மிதித்த பிறகு எதிரே ஒரு சத்திரம். பாதிக் கூரை. உள்ளே எங்கள் டீச் சக்கை. அவன் ஊற்றிய இடத்தில் இன்னும் ஆவி.

"சுத்தி வந்துட்டோம்போல."

"நேர் ரோட்டுலயா?"

மறுபடி மிதித்தோம்.

மறுபடி அதே சத்திரம்.

வாசல் மண்ணில் எங்கள் டயர் தடங்களுக்கு நடுவே ஒரு குழந்தையின் வெறுங்கால் தடம். இடது கால் மட்டும். நொண்டியடித்துக்கொண்டே எங்கள் பின்னால் வந்திருந்தது.

தண்ணீர் ஒரு பாட்டில்தான் மிச்சம். நான் மூடியைத் திறந்தேன்.

"எனக்கும் கொஞ்சம் வை."

"குடிக்க இல்லடா. வெந்த காலுக்கு."

"லூசா நீ? தாகத்துலயே செத்துருவோம்."

"இங்கயே சுத்தினா சாக மாட்டோமா?"

பிஸ்மில்லா சொல்லி, ஆவி வந்த இடத்தில் பாட்டிலைக் கவிழ்த்தேன். ஆவி அடங்கியது. அன்று முதல்முறையாக, தூரத்தில் லாரி ஹாரன் கேட்டது.

தண்ணீர் தந்து ஏற்றிக்கொண்ட லாரிக்காரரிடம், வெயிலில் மூளை எப்படியெல்லாம் ஏமாறும் என்று தபஸ் வரை சியாமக் விளக்கினான். அவர் பாவம், ஓட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை. விடுதி முற்றத்தில் கெட்டிலோடு நின்றான். நான் ஜன்னலில் இருந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெல்ல முணுமுணுத்தான்.

"பிஸ்மில்லா... கொஞ்சம் ஒதுங்கிக்கோம்மா."

காத்திருந்தான்.

அவன் காலடியில், வெறும் புழுதியில், ஒரு சின்ன இடது கால் தடம் விழுந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று.

அப்புறம்தான் ஊற்றினான்.