தம்பி, ஏறிக்கொள்

முன்சீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் பெல்ட் போடச் சொல்லிக் காரின் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"முன்னாடி பை எதுவும் வெச்சியாக்கா?" என்று செழியன் கேட்டான். பின்சீட்டிலிருந்த வேம்பு இல்லையென்று தலையாட்டினாள். அவன் வெற்றுச் சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். மணி நின்றது. கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் கார் இறங்கத் தொடங்கியது.

வேம்புவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஏறிவிட்டான். மகன் எப்போதும் மாமாவுக்குப் பக்கத்தில் முன்சீட்டில்தான் உட்காருவான்.

போன ஐப்பசியில் இளம்பரிதி காலேஜ் பிள்ளைகளோடு ஒருநாள் டூர் என்று இந்த மலைக்கு வந்தான். அருவிப் பாறையில் வழுக்கி விழுந்தவனை மறுநாள்தான் எடுத்தார்கள். ஒரத்தநாட்டுக்குக் கொண்டுபோய் எல்லாச் சடங்கும் செய்தாயிற்று. ஆனால் அவன் வீட்டுக்கு வரவேயில்லை என்றுதான் வேம்புவுக்குத் தோன்றியது. கனவில்கூட வரவில்லை. ஓர்ப்படி தங்கமணிதான் சொன்னாள், வெளியூரில் போன உயிருக்கு வழி தெரியாது, போன இடத்தில் நின்று பெற்றவள் கூப்பிட வேண்டும், திரும்புகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டே கூட்டிவர வேண்டும் என்று. ஒருமுறைதான் கூப்பிடலாம். மறுபடி கூப்பிட்டால் வராது. செழியனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இதற்குப் பிறகாவது அக்கா சாப்பிட்டால் போதுமென்று காரை எடுத்தான்.

இன்று அருவியடியில் விடுமுறைக் கூட்டம். ஈரத் துண்டும், மிளகாய்த்தூள் தூவிய அன்னாசிக் கீற்றுமாய்க் குடும்பங்கள். பாறைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன், "டேய், உங்கம்மா விடாம கூப்பிடுது, எடுத்துப் பேசுடா. இல்லன்னா பஸ் ஏறி வந்துரும்" என்று இன்னொருவனைக் கேலி செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். வேம்பு அவர்களைத் தாண்டிப்போய்க் குனிந்து, தண்ணீருக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னாள்.

"தம்பி, அம்மா வந்துருக்கேன். வாடா, வீட்டுக்குப் போவோம்."

படியேறும்போது பின்னால் ஈரக் காலடிகள் கேட்டன. திரும்பிப் பார்க்கவில்லை. காரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறிக்கடா தம்பி" என்றாள். செழியன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இப்போது பனி இறங்கிவிட்டிருந்தது. அவள் ஊரில் பஸ் வருவது வயல்களுக்கு அப்பாலேயே தெரிந்துவிடும். இங்கோ அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை, விளக்கு வெளிச்சம் பனியில் முட்டித் திரும்பிக் காருக்குள்ளேயே வந்து விழுந்தது, மிளகுக்கொடி சுற்றிய மரங்கள் யாரோ ஓரமாக ஒதுங்கி நிற்பதுபோல ஒவ்வொன்றாக விலகிப் போயின.

"வளையுதுடா தம்பி, கெட்டியாப் பிடிச்சுக்க" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதலில் அருவியின் வாசனைதான் இருந்தது. பிறகு பாசி. அதற்கும் கீழே வேறொரு வாடை மெதுவாக எழுந்தது, பல வருஷம் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருவது. இளம்பரிதி வியர்வையும் சென்ட்டுமாக மணப்பான். உட்கார்ந்ததும் கால் இடிக்கிறதென்று சீட்டைப் பின்னால் தள்ளி அவள் முழங்காலை நசுக்குவான். இந்தச் சீட்டு நகரவேயில்லை.

வேம்பு பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள்.

பெல்ட் சீட்டோடு படிந்து கிடக்கவில்லை. விம்மி நின்றது. கொஞ்சமாக. ஒரு சின்ன உடம்பின் அளவுக்கு.

"தம்பி?"

பெல்ட் அசைந்தது.

"இளம்பரிதி?"

அசையவில்லை.

மகன் பிறந்ததிலிருந்து அவனைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதேயில்லை. தம்பி. எப்போதும் தம்பிதான். அந்தத் தண்ணீரடியிலும் தம்பி என்று மட்டும்தான் சொன்னாள். அந்தத் தண்ணீரில் எத்தனை வீட்டுத் தம்பிகள். கூப்பிட ஆள் வராமலே எத்தனை வருஷமாக.

"யாருடா நீ?" என்று வாய்க்குள்ளேயே கேட்டாள்.

அப்போது பின்னால், மேல் வளைவிலிருந்து, பனிக்குள் ஒரு குரல் கேட்டது. ஓடி ஓடி மூச்சிரைத்த குரல். அவள் பெற்ற பிள்ளையின் குரல்.

"அம்மா, நான் இன்னும் ஏறலம்மா."

செழியன் கியரை மாற்றினான். அவனுக்குக் கேட்கவில்லை.

நிறுத்தச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். சீட்டின் இடுக்கு வழியாக ஒரு கை பின்னால் நீண்டு வந்தது. சின்னக் கை. ஊறி வெளுத்தது. நகமில்லை. காற்றில் தடவித் தடவி அவள் முந்தானையைக் கண்டுபிடித்துக்கொண்டது. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் பிடிப்பார்களே, அப்படி. அவள் விரல்களைப் பிரித்தாள். தோல் அவள் கையோடு வந்தது. பிடி விடவில்லை.

"வீடு வந்துருச்சாம்மா?" என்று முன்சீட்டிலிருந்து கேட்டது.

கார் வளைந்தது. மேலே, பனிக்குள், தார்ச்சாலையில் வெறுங்காலோடு ஒருவன் ஓடிவரும் சத்தம். கார் இறங்க இறங்க அது தேய்ந்துகொண்டே போனது.