வாசலில் ஒரு நீல வேன்

காலை ஏழு மணிக்கே வீட்டில் புகைச்சல் தொடங்கிவிட்டது. காரணம், வாசலில் நின்ற வேன். மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதி நீலம், உருண்டை விளக்குகள்... பார்த்தாலே அந்தக் காலத்து வண்டி என்று தெரியும். உள்ளே மடக்கினால் படுக்கையாகும் இருக்கை, ஒற்றை அடுப்பு, சின்ன அலமாரி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. விடுமுறையில் ஊர் சுற்றுவதற்கென்று ஒரு பல் மருத்துவர் வைத்திருந்ததை, வீட்டில் ஒருவரிடமும் வாய் திறக்காமல் அந்த வீட்டு அம்மா, தையற்காரி, வாங்கிவிட்டாள்.

"எதுக்கும்மா இது?" மகன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டான். "அப்பாவால ஓட்ட முடியாதுன்னு தெரியாதா உனக்கு? எனக்கு லீவு கிடைக்கறது வாரத்துல ஒரு நாள். என்னையும் எதிர்பார்க்காத."

அவள் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

கூடத்துக்கும் பின்கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார் அவள் கணவர். முப்பது வருஷம் சரக்கு லாரி ஓட்டியவர். சர்க்கரை நோய் வலது கண்ணை முழுதாக எடுத்துக்கொண்டு, இடது கண்ணில் பனிமூட்டத்தை விட்டுவைத்திருந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அவருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியவில்லை. மின்விசிறி சத்தம் போட்டால் சண்டை, குழாய் சொட்டினால் சண்டை.

"என்னைக் கேலி பண்றியா?" நடப்பதை நிறுத்தாமலே கேட்டார். "லாரி ஓட்டினவன் வாசல்ல, அவன் தொட முடியாத வண்டியக் கொண்டாந்து நிறுத்திட்டு... பாத்துப் பாத்துச் சாகட்டும்னா?"

"அப்படி நெனச்சா வாங்குவேனாங்க?"

"வேற எப்படி நெனச்ச? மூணு மாசமா, விடிஞ்சா போதும், வாக்கிங்னு கிளம்பிடற. இந்தக் குருடன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்க முடியல. அத நேரா சொல்லிட்டுப் போயேன்..."

அவள் கையிலிருந்த பாட்டில் நிரம்பி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

சமையலறை வாசலில் நின்ற மருமகள்தான் தயங்கித் தயங்கிப் பேசினாள். "மாமா... அத்தை தையல் கடை போடறதுக்குன்னு சேத்து வெச்சதுல வாங்கினது இது. தெரு முனையில வாடகைக்குப் பேசி வெச்சிருந்த கடைய வேணாம்னு சொல்லிட்டாங்களாம். அந்தக் கடைச் சொந்தக்காரரே நேத்து எங்கிட்ட சொல்லி வருத்தப்பட்டாரு."

பள்ளிச் சீருடைகளை வீட்டு மூலையில் தைத்துத் தைத்து, என்றைக்காவது தனக்கென்று ஒரு கடை என்று அவள் ஆசைப்பட்டது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். லாரிக்காரரின் நடை நின்றது.

"யாரு கேட்டா இவள?" என்றார் தாழ்ந்த குரலில். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் அழவில்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். மகன் வாசலுக்கு ஓடிவந்தான்.

வண்டி உறுமியது. ஒரு குலுக்கல், அணைந்தது. மறுபடி கிளப்பினாள், மறுபடி அணைந்தது. மூன்றாம் முறை கியர் கரகரவென்று அரைபட்ட சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

அறைக்கதவு திறந்தது. சுவரைத் தடவியபடி வந்தவர் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"கிளட்ச முழுசா மிதி. கியர் பல்லு உடையுது. யாரு அது, ஓட்டறது?"

"நான்தாங்க."

குரல் வந்த பக்கம் அவர் முகத்தைத் திருப்பினார்.

"நான் வாக்கிங் போகலங்க. டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். ரெண்டு தடவ பெயிலாகி, மூணாவது தடவதான் லைசென்ஸ் குடுத்தாங்க. உங்ககிட்டப் போய்ப் பெயிலாயிட்டேன்னு எப்படிச் சொல்றது?"

அவர் கதவை விட்டார். வண்டியின் முகப்பைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்து மறுபக்கம் ஏறினார்.

"இத்தன வருஷத்துல இப்பத்தான் கிளீனரா ஏறறேன்" என்றார்.

மருமகள் ஓடிவந்து அவருடைய மாத்திரைப் பையையும் பாட்டில்களையும் உள்ளே வைத்தாள். மகன் தலைகுனிந்து, "அம்மா, நான் பேசினது..." என்று இழுத்தான்.

"வந்து பேசிக்கலாம்டா" என்றாள் அவள்.

ஊரைத் தாண்டியதும் மேட்டுச்சாலை. பாதி மேட்டில் சிவப்பு விளக்கு. பச்சை விழுந்ததும் அவள் காலை எடுத்தாள். வண்டி அணைந்து சர்ரென்று பின்னால் நகர்ந்தது. பிரேக்கை மிதித்துவிட்டாள்.  பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

"என்னால முடியாதுங்க... எறங்கிடலாம்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஹேண்ட் பிரேக்க இழு. இழுத்துட்டியா? பின்னாடி கத்தறவன் கத்தட்டும்." கியரின் மேலிருந்த அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "முப்பது வருஷம் எனக்காக நீ காத்திருந்த. ஒரு நாளாவது ஹாரன் அடிச்சியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 

"கெளப்பு. முதல் கியர். கிளட்ச மெதுவா விடு... சத்தம் கனக்கும், கேளு... இரு, இரு... ம், இப்ப பிரேக்க விடு."

வேன் மேட்டில் ஏறியது. உச்சியில் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி நிறுத்தியவள், அவர் தோளில் முகத்தை வைத்துக் குமுறி அழுதாள்.

"என்னை விட்டு நீ ஓடறன்னு நெனச்சுட்டேன்" என்றார் அவர்.

"உங்கள விட்டுட்டு எங்க ஓடறது? கூட்டிட்டு ஓடத்தான் கத்துக்கிட்டேன்."

"கடை?"

"கடை எங்கயும் போயிடாது. உங்க கண்ணுல மிச்சமிருக்கற வெளிச்சம் போயிடுமேங்க..."

அவர் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டார். மங்கிய கண்ணிலும் ஒன்றுமே தெரியாத கண்ணிலும் ஒரே மாதிரி நீர் வழிந்தது.

சிறிது நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மகன்தான்.

"எங்கப்பா இருக்கீங்க? எப்ப திரும்பி வருவீங்க?"

"தெரியலடா" என்றார் அவர். "டிரைவரக் கேட்டுச் சொல்றேன்."