மா புளிக்காத இடம்

தோசைமா புளிக்கவில்லை. மார்கழிப் பாரிசில் அது புதினமில்லைத்தான். ஆனால் தாட்சாயினி லா சப்பலில் இந்த வீட்டைப் பிடித்ததே நிலத்துக்கடியில் சுடுநீர்க் குழாய் ஓடுகிறது என்பதற்காக. குசினி நிலத்தில் சட்டியை வைத்தால் விடிவதற்குள் மா பொங்கி மூடியைத் தள்ளும். வெறுங்காலோடு நடக்கலாம். பழைய வீட்டு ரேடியேட்டரோரம் இருமிக்கொண்டே கிடந்த எட்டு மாதக் குழந்தை லக்சனா, இங்கே வெறும் சட்டையோடு தவழ்ந்தாள்.

தாட்சாயினி சட்டி இருந்த இடத்தில் கால் வைத்தாள். பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. குளிர்ந்த இடத்தை மட்டும் பாதத்துக்குப் பாதம் வைத்து அளந்தாள். நீளம் ஏழு, அகலம் இரண்டு. ஓர் ஆள் படுத்துக் கிடக்கும் அளவு.

மறுநாள் அந்தக் குளிர் மேசைக்கடியில் இருந்தது. அதற்கு மறுநாள், குழந்தையின் பாய்க்குப் பக்கத்தில். பாயை எதிர்ச் சுவரோரம் இழுத்துப் போட்டாள்.

"குழாய்க்குள்ளை காத்து அடைச்சிருக்கும்," என்றான் கணவன் கஜன், ரூ காய் தெரு உணவகத்துக்கு வேலைக்குப் புறப்பட்டபடி.

"குழாய் நடக்குமோ? இஞ்சை ஒருக்கா வெறுங்காலை வையுங்கோ எண்டா வைக்கிறியளே!"

தடித்த காலுறை போட்ட காலுக்கு என்ன தெரியும்? கட்டடக் காவலாளி மரி-லூயிஸிடம் நாலு தரம் முறையிட்டாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். வந்த திருத்துநரோ சப்பாத்தோடு ஒரு சுற்று நடந்து, ஒரு பிழையும் இல்லையென்று போய்விட்டார். ஆத்திரத்தில் அவளுக்கு அழுகையே வந்தது. ஐந்தாம் தரம் கத்தியதும், நேற்று சூட்டையே நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை பார்க்கிறார்களாம்.

இன்று நாலரைக்கே இருட்டியது. இவ்வளவு நாளும் நிலத்துக்கடியில் முணுமுணுத்த தண்ணீர் ஓய்ந்து, ஆறிப்போன சீமெந்தின் ஈரவாடை மட்டும் அறை முழுக்க மெல்லப் பரவியிருந்தது. லக்சனா பாயில் விரித்த இரண்டு போர்வையின் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தாட்சாயினிக்கு உறைத்தது. நிலம் சுட்டவரைக்கும், அந்தச் சூட்டைக் குடித்துக்கொண்டு அது கிடக்கும் இடம் காலுக்குத் தெரிந்தது. இப்போது எங்கும் குளிர்.

லைட்டைப் போட்டுக் கால் வைத்தாள். குளிர். இன்னோர் எட்டு. குளிர். இன்னொன்று.

சூடு.

பாயை ஒட்டி. மண்டியிட்டு உள்ளங்கையால் தடவினாள். ஏழு பாத நீளம். மேல்பக்கத்திலிருந்து ஒடுங்கிய சூடு ஒன்று பிரிந்து பாய்க்கடியில், குழந்தையின் கழுத்துக்குக் கீழே போனது. ஒரு கை நீண்டு அணைப்பதுபோல.

"பிள்ளை!" அள்ளித் தூக்கினாள்.

லக்சனா கண் திறந்து சிரித்தாள். அவள் முதுகு, அன்று சட்டி இருந்த இடத்தைப் போலக் குளிர்ந்திருந்தது. கன்னத்தில் பட்ட மூச்சும் குளிர்.

காலடியில் நிலம் இன்னும் சூடாகிக்கொண்டு வந்தது.