பதிலிகள் அறியாத கண்ணீர்

நப்பின்னை தன் கணவன் எழிலனோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறாள் என்பது அவளுக்கே தெரியாது. காதுக்குப் பின்னால் பதித்திருந்த பேச்சுப்பதிலி அவள் குரலிலேயே அதைப் பார்த்துக்கொண்டது. அந்தப் பக்கம் பேசுவது எழிலனா அவனுடைய பதிலியா என்றும் அவள் கேட்டதில்லை. செவ்வாய்க் கிரகத்தின் செங்குடிக் குடியிருப்பில் எல்லாத் தம்பதிகளும் அப்படித்தான். அவள் பாட்டுக்குக் காற்றுடை மாட்டிக்கொண்டு வெளியே நின்று சூரியத்தகடுகளில் படிந்த புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று மின்புயல் அடித்தது. காதோரம் சுரீரென்று சுட்டது, பதிலி கருகிவிட்டது. நப்பின்னை குடியிருப்பின் காற்றுக்கதவுக்கு ஓடினாள். கதவு திறக்கவில்லை. முகத்தையும் குரலையும் நகலெடுக்கும் எந்திரர்கள் பெருகிவிட்டதால், பதிலி இல்லாதவரை நெருங்கிய உறவு ஒருவர் பேசிப்பார்த்து உறுதி சொன்னால்தான் உள்ளே விடும். கதவு எழிலனை அழைத்தது.

"என்னங்க, நான்தான்! காத்து தீரப்போவுது, திறக்கச் சொல்லுங்க!"

எழிலன் தயங்கினான். "குரல் அவளோடதுதான். ஆனா என் பொண்டாட்டி இப்படிக் கத்தமாட்டா."

"உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்ததைக் கேளுங்கள்" என்றது கதவு.

"போன வாரம் நமக்குள்ள சண்டை வந்துச்சே, எதுக்கு?"

"சண்டையா? நமக்குள்ளயா?"

"இது அவ இல்ல. அன்னிக்கு அவ அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்."

அழுதவள்தான் நப்பின்னை என்றால் இங்கே மூச்சுக்குத் தவிப்பது யார்? ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கதவில் சாய்ந்தபடி முணுமுணுத்தாள்.

"பதிலி வைக்கிறதுக்கு முன்னாடி... உங்கப்பா செத்தப்ப அழுகையே வரலைன்னீங்க. மறுநாள் அவர் செருப்பைப் பார்த்துட்டு என் மடியில விழுந்து அழுதீங்க."

"இதை அவ ஒருநாளும் பேசினதில்லையே" என்றான்.

"உண்மையா, இல்லையா?" கதவு கேட்டது.

"உண்மை." அவன் குரல் உடைந்தது. "திற! சீக்கிரம் திற!"

மருத்துவமனையில் அவள் கண் விழித்தபோது எழிலன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். புதிய பதிலி பொருத்தலாமா என்று டாக்டர் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்து தழுதழுத்த குரல் வந்தது:

"வேண்டாம் டாக்டர். இனிமே நாங்களே பேசிக்குவோம்."

நப்பின்னை நெகிழ்ந்துபோய்த் திரும்பினாள். எழிலனின் உதடுகள் அசையவில்லை. அவன் சுவர்த்திரையில் கால்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.